கிளிநொச்சி: குளம் தந்த நகரமும் 'பேர்மிட்' காணிகளும்

யாழ்ப்பாணத்துக்குக் கோட்டை உண்டு, திருகோணமலைக்குத் துறைமுகம் உண்டு. கிளிநொச்சிக்கு இருந்தது ஒரு குளம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டினர். 1905இல் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை சென்றது. நீரும் பாதையும் வந்துவிட்டன, ஆட்கள்தான் போதவில்லை. யாழ்ப்பாணத்தில் பரப்புக் கணக்கில் துண்டாடப்பட்ட காணிகளில் சனம் நெருங்கியிருக்க, இங்கே ஏக்கர் கணக்கில் காடு கிடந்தது. அந்த நெருக்கடியைக் குறைக்கவும் வேலையற்றோருக்கு வழிகாட்டவும் 1936இல் தொடங்கிய குடியேற்றத் திட்டமே இன்றைய நகரத்தின் வேர்.

அதற்கு முந்திய ஆண்டில் வந்த 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், வன்னிக் காணிகளின் தலையெழுத்தை இன்றுவரை தீர்மானிக்கிறது. அரச காணியைப் பெற்றவர் காடு வெட்டி, குடியிருந்து, பயிர் செய்ய வேண்டும். முதலில் அனுமதிப்பத்திரம், நிபந்தனைகளை நிறைவேற்றிய பின் அளிப்புப் பத்திரம். அதன் பின்னும் அதிகாரிகளின் அனுமதியின்றி விற்க முடியாது. கடனுக்குள் மூழ்கிய விவசாயியிடமிருந்து காணி பறிபோகக்கூடாது என்பது நோக்கம். கனடாவில் வாழும் எம்மவர் இதை அங்குள்ள புல்வெளி மாகாணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கு குடியேறியவர் பத்து டொலர் கட்டி 160 ஏக்கரைப் பெற்றார். மூன்று ஆண்டுகள் குடியிருந்து பயிரிட்டால் முழு உரிமை அவருக்கே. (அந்த நிலம் ஆதிக்குடிகளிடமிருந்து எடுக்கப்பட்டது என்பது வேறு கதை.) எங்கள் குடியேற்றவாசியின் பேரப்பிள்ளையும் 'பேர்மிட் காணி' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

1958, 1977, 1983 வன்முறைகள் தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் மக்களை வன்னிக்குத் துரத்தின. தருமபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில் குடியேறிய மலையக மக்கள் பலர் பத்திரம் எதுவுமின்றியே காடு வெட்டி வீடு கட்டினர். அந்தக் குறை இன்னும் முழுதாகத் தீரவில்லை. 1984இல் யாழ் மாவட்டத்திலிருந்து பிரிந்து கிளிநொச்சி தனி மாவட்டமானது. கச்சேரி வந்தது, ஏ-9 வீதியோரம் கடைத்தெரு நீண்டது.

பிறகு நடந்தது வாசகர்கள் அறிந்ததே. 1996இல் இராணுவத்திடம், 1998இல் புலிகளிடம், 2009 ஜனவரி 2இல் மீண்டும் இராணுவத்திடம் நகரம் கைமாறியது. ஒவ்வொரு இடப்பெயர்விலும் பத்திரங்கள் தொலைந்தன.

2013 செப்டெம்பரில் புகையிரதம் திரும்பியது. இந்திய வீட்டுத்திட்டம் வடக்குக் கிழக்கில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் வழங்கியது. காணி ஆவணம் இல்லாதவர்களுக்கு அந்த வரிசையில் நிற்பதே பெரும்பாடு. வங்கிகளும் வணிக நிலையங்களும் வர, வீதியோரக் காணிக்குக் கேள்வி கூடியது. அனுமதிப்பத்திரக் காணியை வெறும் கடிதத்தில் எழுதி வாங்குவோர் உண்டு. அக்கடிதம் உரிமை தராது. வாங்குமுன் பிரதேச செயலகத்தில் காணியின் வகையைக் கேட்டறிவதே பாதுகாப்பு. வெளிநாட்டுப் பிரஜாவுரிமை மட்டும் உள்ளவருக்குத் தனியார் காணியைக் கைமாற்றுவதையும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் பெரும்பாலும் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளோருக்கு அத்தடை இல்லை. நெருங்கிய உறவினரின் முதுசத்துக்கும் விலக்கு உண்டு.

அதிகம் சிக்குப்படுவது பெண்களே. பத்திரம் பெரும்பாலும் கணவன் பெயரில். பின்னுரித்தாளர் நியமிக்கப்படாவிட்டால் மனைவி அனுபவிக்கலாம், ஆனால் கைமாற்ற முடியாது. பிள்ளைகளில் ஆண்மகனுக்கே முன்னுரிமை. இந்தப் பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022இல்தான் வந்தது. கணவன் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் காணியைத் தன் பெயருக்கு மாற்ற மரணச் சான்றிதழ் கேட்கப்பட்டது. அவர் வருவார் என்று காத்திருந்த பலர் அதை வாங்க மறுத்தனர். 2016இல், மரணத்தைப் பதியாமலே ஒருவர் காணாமல் இருப்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.