சதர்லாந்து: நில அமைப்பும் குடியகற்றமும்

முன்னுரை

ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் வடகோடியில் அமைந்த பழைய கோட்டங்களுள் ஒன்று சதர்லாந்து. இப்பெயரின் பொருள் ‘தென்னிலம்’ என்பதாகும். ஆர்க்னித் தீவுகளிலும் கெய்த்னசிலும் குடியேறிய நார்சு மக்களுக்கு இப்பகுதி தெற்கே இருந்தமையால் இப்பெயர் அமைந்தது. இதன் உட்பகுதி இன்று மனிதர் தீண்டாத இயற்கைவெளியாகக் கருதப்படுகிறது. அக்கருத்து அங்குள்ள ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குப் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நில அமைப்பு

உட்பகுதியின் பெரும்பரப்பு மலைகளும், மட்கிய தாவரங்கள் படிந்த சதுப்பு நிலமும் ஆகும். வேளாண்மைக்கு ஏற்ற மண் ‘ஸ்ட்ராத்’ எனப்படும் அகன்ற பள்ளத்தாக்குகளில் மட்டுமே உண்டு. கேலிக் மொழி பேசிய குடியானவர்கள் அங்கு ஓட்சும் பார்லியும் பயிரிட்டனர். கோடையில் மாடுகளை மேட்டு நிலங்களில் மேய்த்தனர்.

குடியகற்றம்

1807 முதல் 1821 வரை, சதர்லாந்துச் சீமாட்டி எலிசபெத், அவர் கணவர் ஸ்டாஃபோர்டு பிரபு ஆகியோரின் நிலவுடைமையில் குடிகள் பெருமளவில் அகற்றப்பட்டனர். 1813இல் கில்டோனன் பள்ளத்தாக்கிலிருந்து அகற்றப்பட்டோருள் ஒரு பகுதியினர் கனடாவின் செவ்வாற்றுக் குடியேற்றத்திற்குச் சென்றனர். ஸ்ட்ராத்நேவர் 1814, 1819 ஆகிய ஆண்டுகளில் வெறுமையாக்கப்பட்டது. எஞ்சியோர் கடற்கரையின் சிறு துண்டு நிலங்களில் குடியமர்த்தப்பட்டனர். உள்நாட்டு உழவர் மீன்பிடிக்கப் பழக வேண்டியதாயிற்று. 1814ஆம் ஆண்டு அகற்றத்தை நடத்திய பேட்ரிக் செல்லர், நிலவுடைமையின் அலுவலர்; காலியான நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவரும் அவரே. 1816இல் இன்வர்னசில் நடந்த விசாரணையில் அவர் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார்.

நிலவியல் வாதமும் மறுப்பும்

நிலவுடைமையின் ஆணையர் ஜேம்ஸ் லாக் 1820இல் வெளியிட்ட நூலில், உள்நாடு ஆடுகளுக்கும் கடற்கரை மக்களுக்கும் உரியதென்பது இயற்கையின் ஏற்பாடே என்னும் கருத்தை முன்வைத்தார். விளைச்சல் பொய்த்த ஆண்டுகளின் பஞ்சமும் சான்றாகக் காட்டப்பட்டது. பஞ்சம் உண்மையே. ஆயினும் புதிதாகக் கொண்டுவரப்பட்ட செவியட் ஆடுகள் குளிர்காலத்தில் உயர்மலையில் பிழைப்பதரிது. அவற்றுக்கும் தாழ்ந்த பள்ளத்தாக்கின் பசும்புல் தேவைப்பட்டது. எனவே ஆட்டுப்பண்ணை நாடியது மக்களுக்கு உதவாத நிலத்தையன்று, மக்கள் வாழ்ந்த அதே நிலத்தையே. ஸ்ட்ராத்நேவரின் ரோசல் சிற்றூரில் ஹொரேஸ் ஃபேர்ஹர்ஸ்ட் 1962இல் நடத்திய அகழாய்வும் வீடுகள், தானியம் உலர்த்தும் சூளைகள், உழுத வயல்கள் ஆகியவற்றின் தடங்களை ஆவணப்படுத்தி, அங்கு நிலைத்த வேளாண் வாழ்வு இருந்ததைக் காட்டுகிறது.

முடிவுரை

1886ஆம் ஆண்டுச் சிறுகுடியானவர் சட்டம் குத்தகை உரிமைக்குப் பாதுகாப்பளித்தது. இழந்த பள்ளத்தாக்குகளை அது மீட்டுத் தரவில்லை. 2024இல் கெய்த்னஸ், சதர்லாந்துப் பகுதிகளின் சதுப்பு நிலப்பரப்பு யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அச்சதுப்பு இயற்கையின் ஆக்கம். பள்ளத்தாக்கின் வெறுமையோ குத்தகை ஆவணங்களின் ஆக்கம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் நிலவியல் விளக்கம், லாக்கின் வாதத்தை அறியாமலே மீண்டும் எடுத்துரைப்பதாகிவிடும்.