மறதிக்காரப் போலீஸ்: ஜிடிஏ விளையாட்டுகளின் ஞாபக சக்தி பற்றி ஒரு குறிப்பு

ஜிடிஏ ஆறாம் பாகம் 2026 நவம்பர் 19 அன்று வெளியாகும் என்று ராக்ஸ்டார் அறிவித்திருக்கிறது. முதலில் 2025 என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். அதுவும் தள்ளிப்போய்த்தான் இந்தத் தேதி. இப்படிக் காத்துக்கிடக்கும் காலத்தில் பிளேயர்களுக்கு இருக்கும் ஒரே வேலை ஆசைப் பட்டியல் போடுவது.

கொஞ்ச நாளாக அந்த ஆசைகளைக் குறித்து வைத்துக்கொண்டு வருகிறேன். யாராவது பார்த்துச் சொன்னால்தான் போலீஸ் வரணும். போன வாரம் கொள்ளையடித்த கடைக்குத் திரும்பப் போனால் கடைக்காரன் அடையாளம் கண்டு மிரளணும். கண்டதைத் தின்றால் தொப்பை போடணும், ஜிம்முக்குப் போனால் கை திரளணும். இருபது துப்பாக்கியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அலைகிற கூத்து வேண்டாம். சம்பாதிக்கிற காசுக்கு ஒரு மதிப்பு இருக்கணும்.

படிக்கப் படிக்க இரண்டு விஷயங்கள் புலப்பட்டன. ஒன்று, இவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு பழைய கேமில் ஏற்கனவே வந்துபோனவை. இரண்டு, தனித்தனி ஆசைகளாகத் தெரிந்தாலும் எல்லாம் கேட்பது ஒன்றைத்தான்: நான் செய்ததை இந்த ஊர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் இத்தனை வருஷமாக அந்த ஊர் ஏன் மறந்துகொண்டே இருந்தது? இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

துரத்தல் பிறந்த கதை

குற்றத்தை நினைவில் வைத்த கேம் ஜிடிஏவுக்கு முன்பே உண்டு. 1984-இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்காக எழுதிய ‘எலைட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். விண்கலத்தில் ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்கிற கேம் அது. தடைசெய்யப்பட்ட சரக்கைக் கடத்தினாலோ, அப்பாவிக் கலத்தைச் சுட்டாலோ உங்கள் பெயருக்கு எதிரே ஒரு தகுதி ஏறும்: முதலில் சுத்தமானவர், அப்புறம் குற்றவாளி, கடைசியில் தேடப்படுபவர். போலீஸ் கலங்கள் அதைப் பார்த்துத்தான் சுடும். பல தாவல்கள் தாண்டிப் போனால் அந்தக் கறை மெல்லக் கழியும். சில கிலோபைட் நினைவகத்துக்குள்ளேயே ஒரு குற்றப் பதிவேட்டை அடைத்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இருந்த டிஎம்ஏ டிசைன் நிறுவனம், 1991-இல் ‘லெம்மிங்ஸ்’ மூலம் பெயர் வாங்கியது. 1995-இல் அவர்கள் ‘ரேஸ் அண்ட் சேஸ்’ என்ற பெயரில் ஒரு திருடன்-போலீஸ் கேமைச் செய்ய ஆரம்பித்தார்கள். அது சப்பென்று இருந்தது. அப்புறம் ஒரு கோளாறு நடந்தது. போலீஸ் கார்கள் வழியை மறிப்பதற்குப் பதிலாக, பிளேயரின் கார் மீதே வெறிபிடித்ததுபோல் வந்து மோத ஆரம்பித்தன. சோதித்துப் பார்த்தவர்களுக்கு அதுதான் பிடித்துப்போனது. 1997-இல் அந்த கேம் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’வாக வெளிவந்தபோது அந்த வெறித் துரத்தல்தான் அதன் உயிர்.

ஆக, இந்த வரிசையில் போலீஸ் வந்தது நீதி வழங்க இல்லை, விளையாட்டைச் சூடாக்க. துரத்தல் வேகமாகத் தொடங்கணும், வேகமாக முடியணும். முடிந்தால்தானே அடுத்தது தொடங்கும்? இங்கே மறதி அத்தியாவசியமாக இருந்தது.

பெயிண்ட் அடித்தால் போதும்

அந்த மறதியை முதல் பாகமே ஒரு கடையாகக் கட்டி வைத்தது. பெயிண்ட் கடைக்குள் காரை ஓட்டிப் போய், காசு கொடுத்து நிறம் மாற்றினால் போலீஸ் விட்டுவிடும். அதே முகம், அதே கார், ஆனாலும் ஊர் மறந்துவிடும். 2001-இல் முப்பரிமாணத்துக்கு மாறிய மூன்றாம் பாகத்திலும், 2002-இல் வந்த ‘வைஸ் சிட்டி’யிலும் இதே கதைதான். பிடிபட்டாலும் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. துப்பாக்கிகளும் கொஞ்சம் காசும் போகும், அடுத்த நொடி ஸ்டேஷன் வாசலில் நிற்பீர்கள். வழக்கு கிடையாது, வாய்தா கிடையாது.

பிரௌசிங் சென்டரில் வைஸ் சிட்டி ஆடி வளர்ந்த என் தலைமுறைக்கு இதற்கு மேலும் ஒரு வசதி இருந்தது. நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்த சீட் கோடுகள். மிஷனில் என்ன சொல்கிறார்கள் என்று புரியாத பையன்கள்கூட ‘லீவ்மிஅலோன்’ என்பதை ஒரே மூச்சில் தட்டுவார்கள். ‘என்னை விட்டுடுங்கப்பா’ என்று அர்த்தம். தட்டியதும் ஸ்டார் எல்லாம் அணைந்துவிடும். ஊர் நம்மை மறக்க வேண்டும் என்பதுதான் அன்றைக்கு எங்கள் ஆசை! இன்று பட்டியல் போடுகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பையன்களாகத்தான் இருப்பார்கள்.

மறதிக்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. பிளேஸ்டேஷன் 2-இன் பிரதான நினைவகம் 32 எம்பி. அதற்குள் ஒரு நகரமே ஓட வேண்டும். எனவே கண்ணுக்கு முன்னால் இருப்பதை மட்டும் உண்டாக்கி, பார்வையிலிருந்து விலகியதும் அழித்துவிடுவார்கள். தெருமுனையில் நின்ற காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து பார்த்தால் காணோம். நீங்கள் இடித்துத் தள்ளிய மனிதர் அந்தத் தெருவைத் தாண்டினால் எங்குமே இல்லை. இல்லாத ஆள் எப்படி சாட்சி சொல்வார்?

ஞாபகம் வைத்துப் பார்த்தவர்கள்

ஆனாலும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1999-இல் வந்த ஜிடிஏ இரண்டாம் பாகத்தில் ஒவ்வொரு வட்டாரத்திலும் மூன்று கோஷ்டிகள். ஒன்றுக்கு வேலை செய்தால் அதன் மரியாதை ஏறும், எதிரிக் கோஷ்டியிடம் இறங்கும். எல்லோருக்கும் நல்லவனாக இருக்க முடியாது.

2002-இல் செக் நாட்டிலிருந்து வந்த ‘மாஃபியா’ வேறு வழியில் போனது. 1930-களின் கற்பனை நகரம். அதில் வேகவரம்பைத் தாண்டினாலோ சிக்னலை மீறினாலோ போலீஸ் நிறுத்தி அபராதம் போடும். பலர் எரிச்சல்பட்டார்கள். ஆனால் சட்டம் உள்ள ஊரில் வாழ்கிறோம் என்ற உணர்வு அதில் கிடைத்தது.

2004-இல் ‘சான் ஆண்ட்ரியாஸ்’. இன்றைய ஆசைப் பட்டியலுக்கு மூலப்பிரதி என்று இதைத்தான் சொல்வேன். கதாநாயகன் சிஜேயின் உடம்பே ஒரு பதிவேடு. தின்றால் பருப்பான், ஜிம்முக்குப் போனால் தசை ஏறும், ஓட ஓட மூச்சு கூடும். தெருவில் போகிறவர்கள் அவன் தோற்றத்தைக் கிண்டல் செய்வார்கள். லாஸ் சான்டோஸில் சண்டை போட்டுப் பிடித்த தெருக்களை எதிரிக் கோஷ்டி திரும்பத் தாக்கும். போய்க் காப்பாற்றாவிட்டால் கைவிட்டுப் போகும். 32 எம்பியில் இவ்வளவையும் செய்தார்கள் என்பது இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஆனால் அதே கேமில் போலீஸ் மட்டும் பழையபடி, பெயிண்ட் அடித்தால் மறந்துபோகிற போலீஸ்.

2008-இல் நான்காம் பாகம் போலீஸைக் கொஞ்சம் திருத்தியது. உங்களைப் பார்த்த இடத்தைச் சுற்றி மேப்பில் ஒரு வட்டம். கண்ணில் படாமல் அதைத் தாண்டினால் தப்பித்தீர்கள். ஆனால் ஜிம்மும் தொப்பையும் போயின, விமானமும் போயிற்று. பதிலாக மனிதர்களுக்கு ஞாபகம் வந்தது. நண்பர்கள் போன் செய்து கூப்பிடுவார்கள். போனால் நெருக்கம் கூடி உதவிகள் கிடைக்கும், தட்டிக்கழித்தால் குறையும். கதாநாயகன் நிகோவை அவன் உறவுக்காரன் ரோமன் ஓயாமல் பௌலிங் ஆடக் கூப்பிட்டது இணையம் முழுக்கக் கேலியானது. ஞாபகம் வைக்கிற உலகம் தொல்லையும் கொடுக்கும் என்பதற்கு ரோமனே சாட்சி.

2010-இன் ‘மாஃபியா 2’ இன்னும் நுட்பமானது. போலீஸ் தேடுவது உங்கள் ஆளையா, காரையா என்று பிரித்துப் பார்த்தது. ஆளைத் தேடினால் உடை மாற்ற வேண்டும், காரைத் தேடினால் நம்பர் பிளேட் மாற்ற வேண்டும். பெயிண்ட் கடையைவிட எவ்வளவு அர்த்தமுள்ள ஏற்பாடு!

2013-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் போலீஸின் பார்வைக் கோணம் மேப்பில் தெரிந்தது. மறைந்து நின்றும் தப்பிக்கலாம். ஆனால் ஆளில்லாக் காட்டில் சுட்டாலும் எங்கிருந்தோ போலீஸ் முளைக்கிறது என்பது பிளேயர்களின் தீராத புகார். கொள்ளையில் கோடி கோடியாகச் சேர்த்தாலும் செலவழிக்க வழி போதாது. 20 கோடிக்கும் மேல் விற்ற கேம் அது. குறையை யாரும் அவசரப்பட்டுத் திருத்தப் போவதில்லை.

மறக்காத ஊர் எப்படி இருக்கும்?

அந்தக் கேள்விக்கு ராக்ஸ்டாரே 2018-இல் ஒரு விடை கொடுத்தது: ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’. குற்றத்தைப் பார்த்தவர் போலீஸிடம் ஓடுவார். வழியில் மடக்கி மிரட்டலாம். முகத்தைத் துணியால் மறைக்கலாம். தப்பித்தாலும் தலைக்கு விலை மாநிலவாரியாக நிற்கும்; அஞ்சலகத்தில் கட்டித் தீர்க்கும்வரை கூலிக்குப் பிடிப்பவர்கள் வருவார்கள். ஆசைப் பட்டியலில் பாதி இங்கே நிறைவேறிவிட்டது.

நடந்தது என்ன? அந்த கேமைக் கொண்டாடியவர்களே அதன் போலீஸைத் திட்டினார்கள். குதிரை தெரியாமல் ஒருவர்மேல் இடித்தாலும் வழக்கு. முகமூடி போட்டிருந்தும் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்கள். இந்தப் புகார்களில் எனக்கு ஒரு பாடம் தெரிகிறது. ஊர் ஞாபகம் வைத்ததில் அவர்களுக்குக் கோபம் இல்லை. தப்பாக ஞாபகம் வைத்ததில்தான் கோபம்.

நியாயமான ஞாபகத்துக்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்று நினைக்கிறேன். யார் பார்த்தார், என்ன பார்த்தார் என்பது பிளேயருக்குப் புரிய வேண்டும். அந்தச் செய்தி பரவ நேரம் எடுக்க வேண்டும், அந்த நேரத்தில் ஏதாவது செய்ய முடிய வேண்டும். கடைசியாக, கறையைக் கழுவ ஒரு வழி இருக்க வேண்டும். அதற்கு விலையும் இருக்க வேண்டும். எலைட்டின் தாவல்கள், மாஃபியா 2-இன் நம்பர் பிளேட், ஆர்தர் மோர்கனின் அஞ்சலகம் எல்லாம் இந்த மூன்றாவதைத்தான் வெவ்வேறு விதமாகச் செய்து பார்த்தன.

ஆறாம் பாகத்துக்கு இது முன்னெப்போதையும்விடக் கடினமான சோதனை. 1899-இன் மேற்குப் பகுதியில் சாட்சி குதிரையேறிப் போகணும். இன்றைய நகரத்தில் எல்லார் கையிலும் கேமரா. முதல் டிரெய்லரிலேயே லியோனிடா மாநிலத்து மக்கள் ஒருவரையொருவர் வீடியோ எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தொழில்நுட்பத்தைச் சாக்குச் சொல்லவும் முடியாது. பிளேஸ்டேஷன் 5-இல் 16 ஜிபி, அதாவது பழைய 32 எம்பியைப் போல 512 மடங்கு. இனி ஊர் மறந்தால், மறக்க வைத்தார்கள் என்றுதான் அர்த்தம்.

என் சொந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான். இந்த முறை கதாநாயகர்கள் ஜேசன், லூசியா என்று இருவர். அந்த டிரெய்லரின் முடிவில் முகத்தில் துணி கட்டிக்கொண்டு சேர்ந்தே கடைக்குள் நுழைகிறார்கள். ஒருவர் முகம் ஊருக்குத் தெரிந்துபோனால், கொஞ்ச நாளைக்கு மற்றவர்தான் வெளியே போய்ச் சாமான் வாங்க வேண்டும். இந்த ஒரு விதி போதும், ஜோடியாக இருப்பதற்கே விளையாட்டில் அர்த்தம் வந்துவிடும்.

செய்வார்களா தெரியாது. ஆனால் அந்த டிரெய்லர் தொடங்குவதே சிறைக்குள் உட்கார்ந்திருக்கும் லூசியாவோடுதான். பிடிபட்ட மறுநொடி ஸ்டேஷன் வாசலில் நம்மை இறக்கிவிட்டுக்கொண்டிருந்த தொடர் இது. கதையாவது ஞாபகம் வைக்கத் தொடங்கியிருக்கிறது. ஊரும் வைத்தால் நன்றாக இருக்கும்.