கல்யாணம் செய்ததுதான் குற்றம்

இங்கிலாந்து சரித்திரம் என்றாலே எட்டாம் ஹென்றி, அவருடைய ஆறு மனைவிகள், முதலாம் எலிசபெத் என்று சில பெயர்கள்தான் ஞாபகம் வரும். ஆர்பெல்லா ஸ்டூவர்ட் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் நம்மில் குறைவு. கொஞ்சம் மாறியிருந்தால் இவர் ராணியாகவே ஆகியிருக்கலாம்.

ஆர்பெல்லா பிறந்தது 1575-ல். எட்டாம் ஹென்றியின் அக்கா மார்கரெட்டுக்குக் கொள்ளுப்பேத்தி. அப்பா கைக்குழந்தையிலேயே போய்விட்டார். ஆறு வயதில் அம்மாவும் போனார். வளர்த்தது அம்மாவைப் பெற்ற பாட்டி, ஹார்ட்விக் பெஸ். பெரும் பணக்காரி, கண்டிப்பானவர். பேத்தி ராணியாக வேண்டும் என்று லத்தீன், பிரெஞ்சு, இத்தாலியன் எல்லாம் படிக்க வைத்தார்.

எலிசபெத் ராணிக்குப் பிள்ளை இல்லை. அதனால் ஆர்பெல்லாவை யார் கட்டுவது என்பது ஐரோப்பிய அரசியலாகவே ஆகிவிட்டது. பல இளவரசர்கள் பெயர் அடிபட்டது, எதுவும் நடக்கவில்லை. 1603-ல் எலிசபெத் இறந்ததும் பட்டம் ஜேம்ஸுக்குப் போனது. இந்த ஜேம்ஸ் வேறு யாருமில்லை, ஆர்பெல்லாவின் பெரியப்பா மகன். நம் முறைப்படி அண்ணன்! அதே வருடம் ஜேம்ஸை இறக்கிவிட்டு ஆர்பெல்லாவை ஏற்ற ஒரு சதி நடந்தது. அதில் தனக்கு வந்த கடிதத்தை ஆர்பெல்லாவே அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டார்.

அந்த விசுவாசத்துக்குக் கிடைத்த பலன்? வயது முப்பத்தைந்தை நெருங்கியும் அண்ணன் ஒரு வரன் பார்க்கவில்லை. இவருக்குப் பிள்ளை பிறந்தால் சிம்மாசனத்துக்குப் போட்டி வருமே!

கடைசியில் 1610 ஜூனில் ஆர்பெல்லா ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை வில்லியம் சீமோர், வயது 22. அவருக்கும் அரச ரத்தம். அவருடைய பாட்டி கேத்தரின் கிரேயும் இதே போல ரகசியக் கல்யாணம் செய்து, எலிசபெத்தால் லண்டன் டவரில் அடைக்கப்பட்டவர்தான். இரண்டு அரச வாரிசுகள் சேர்ந்தால் மன்னர் சும்மா இருப்பாரா? வில்லியம் டவருக்குப் போனார், ஆர்பெல்லா வீட்டுக்காவலுக்கு.

1611 ஜூனில் இருவரும் தப்பிக்கத் திட்டமிட்டார்கள். ஆர்பெல்லா ஆண் வேடத்தில், தலையில் டோப்பா, இடுப்பில் வாள் என்று குதிரையேறிப் போனார். வில்லியம் வண்டிக்காரன் வேடத்தில் டவரை விட்டு வெளியே வந்தார். ஆனால் அவர் வர நேரமாகிவிட்டது. கணவர் வருவார் வருவார் என்று காத்திருந்துவிட்டுத்தான் ஆர்பெல்லா கப்பலேறினார். கடலிலும் தாமதம். காலே துறைமுகத்தை நெருங்கும்போது மன்னரின் கப்பல் மடக்கிவிட்டது. வேறு கப்பலில் போன வில்லியம் பத்திரமாக ஆஸ்டெண்டில் இறங்கினார்.

அதன் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. டவரில் நாலு வருடம். மனமுடைந்து, சாப்பிட மறுத்து, 1615 செப்டம்பர் 25-ல் ஆர்பெல்லா இறந்தார். வயது 39.

வில்லியம் ஊர் திரும்பி மறுமணம் செய்துகொண்டார். பின்னாளில் உள்நாட்டுப் போரில் அதே ஜேம்ஸின் மகனுக்காகப் படை நடத்தினார். ஆனாலும் ஒரு மகளுக்கு ஆர்பெல்லாவின் பெயரை வைத்தார் என்று படித்தபோது மனசு என்னவோ செய்தது.

லண்டன் போகும் நண்பர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஸ்காட்லாந்து ராணி மேரியின் கல்லறையைத் தவறாமல் பார்ப்பீர்கள். மேரி, ஆர்பெல்லாவுக்குப் பெரியம்மா. அந்த நிலவறையில்தான் ஆர்பெல்லாவையும் ஓர் இரவில், ஆடம்பரம் எதுவுமின்றி, வைத்தார்கள். அடுத்த முறை அங்கே நிற்கும்போது இவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.