எஃகு வில்லும் காற்று வில்லும்

என் இளமையில், எங்கள் இல்லத்துத் திருமணம் ஒன்றிற்காகப் பித்தளைப் பாத்திரங்களையும் அரிசி மூட்டைகளையும் ஒரு பழைய மோட்டார் வண்டியின் பின்புறத்தில் ஏற்றிக்கொண்டு இரவில் பயணம் செய்தோம். பாரத்தால் வண்டியின் பின்பகுதி தாழ்ந்தது, முன்பகுதி நிமிர்ந்தது. முகப்பு விளக்குகள் சாலையை விட்டுவிட்டுப் புளியமரக் கிளைகளுக்கு ஒளி தந்தன. எதிரே வந்த மாட்டு வண்டியை மிக அருகில் நெருங்கிய பிறகே கண்டோம். ஓட்டுநரின் திறமையால் உயிர் தப்பினோம்.

ஊர் திரும்பியதும் என் பெரியப்பா ஒரு பட்டறையில் பின்புற வில்லுக்கு மேலும் இரண்டு பட்டைகளைச் சேர்க்கச் செய்தார். வண்டி தாழ்வது குறைந்தது. ஆனால் பாரமின்றிச் சென்றபோது அது குதித்த குதிப்பில், இனி அதில் ஏறுவதில்லை என்று என் பாட்டியார் சபதமே செய்துவிட்டார்.

மென்மையான வில் பாரத்தில் தாழ்கிறது. கடினமான வில் பாரமில்லாதபோது குலுக்குகிறது. இந்தச் சிக்கலின் வேரையும் அதன் தீர்வையும் அறிய நாம் 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும்.

ஆக்ஸ்போர்டு நகரில் ராபர்ட் பாயில் என்ற அறிஞரிடம் ராபர்ட் ஹூக் என்ற இளைஞர் உதவியாளராக இருந்தார். பாயிலின் சோதனைகளுக்குக் காற்றுப் பம்பை அமைத்துக் கொடுத்தவர் அவரே. காற்றுக்கும் வில்லின் தன்மை உண்டு என்று 1660-இல் பாயில் ஒரு நூலில் விளக்கினார். வெப்பநிலை மாறாதிருக்க, காற்றை அழுத்திப் பாதி இடத்தில் அடக்கினால் அதன் அழுத்தம் இரு மடங்காகும் என்ற விதியை 1662-இல் வெளியிட்டார். ஹூக்கோ உலோக வில்லை ஆராய்ந்தார். தம் முடிவைப் பிறர் உரிமை கொண்டாடாதபடி 1676-இல் அதனை எழுத்துப் புதிராக வெளியிட்டு, 1678-இல் விடையை விளக்கினார். வில்லின் மீது செலுத்தும் விசை எவ்வளவு கூடுகிறதோ, அதே விகிதத்தில் அதன் வளைவும் கூடும் என்பதே அவ்விடை.

மாணவ நண்பர்களே, ஒரு சிறு கணக்குப் போடுவோம். வண்டியின் பின்வில்கள் 400 கிலோகிராம் எடையைத் தாங்கி 10 சென்டிமீட்டர் வளைந்துள்ளன என்று கொள்வோம். மேலும் 400 கிலோகிராம் ஏற்றினால் வண்டி இன்னும் 10 சென்டிமீட்டர் தாழும். பட்டைகளைச் சேர்த்து வில்லின் கடினத்தை இரட்டித்தால், 5 சென்டிமீட்டர்தான் தாழும். ஆனால் அந்தக் கடினம் பாரத்தை இறக்கிய பின்பும் அப்படியே இருக்கும். என் பாட்டியாரின் சினத்துக்குக் காரணம் ஹூக்கின் விதிதான்!

1804-இல் லண்டனில் ஒபதையா எலியட் என்பவர், எஃகுப் பட்டைகளை அடுக்கி நீள்வட்ட வடிவில் அமைத்த வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிகளுக்கு வந்த அந்தப் பட்டை வில்லை மோட்டார் வண்டியும் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் 1908-இல் வெளிவந்த ஃபோர்டு 'மாடல் டி' வண்டியிலும் பட்டை வில்களே இருந்தன. மக்கள் அதனையே சரக்கு வண்டியாகவும் மாற்றத் தொடங்கினர். 1917-இல் ஃபோர்டு நிறுவனமே ஒரு டன் பாரத்துக்கான 'மாடல் டிடி' வண்டியை வெளியிட்டது. அதில் அவர்கள் வில்லை மட்டும் வலுப்படுத்தவில்லை, அடிச்சட்டத்தை நீட்டினர், பின் அச்சையும் வலிமையுள்ளதாக மாற்றினர். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாயிலின் காற்று வில்லுக்கு மோட்டார் வண்டியில் உயர்ந்த இடம் தந்தவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டின் பால் மாஷே. சித்ரோவன் நிறுவனத்தில் பணியாற்றிய அவர் பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர். தாமே பயின்று உயர்ந்தவர். அவருடைய அமைப்பில் ஓர் இரும்புக் கோளம் உண்டு. கோளத்தின் நடுவே ஒரு ரப்பர்த் திரை. ஒருபுறம் நைட்ரஜன் வாயு, மறுபுறம் எண்ணெய். வாயுவே வில்லாகிறது. பாரம் ஏற்றி வண்டி தாழ்ந்தால் ஒரு வால்வு திறந்து, எஞ்சினால் இயங்கும் பம்பின் எண்ணெயை உள்ளே விடும். வண்டி பழைய உயரத்துக்கு எழும். பாரத்தை இறக்கினால் எண்ணெய் வெளியேறும். பாரம் கூடும்போது வாயு நெருங்கி வில் கடினமாகிறது. குறையும்போது மீண்டும் மென்மையாகிறது. பட்டை வில்லால் இயலாத செயல் இதுவே.

1954-இல் இவ்வமைப்பு முதன்முதலாக ஒரு சித்ரோவன் வண்டியின் பின்சக்கரங்களுக்கு மட்டும் பொருத்தப்பட்டது. பாரத்தின் ஏற்றத்தாழ்வைப் பெரிதும் உணர்வது பின்புறம் அன்றோ? 1955-இல் பாரிஸ் கண்காட்சியில் தோன்றிய 'டிஎஸ்' வண்டியில் நான்கு சக்கரங்களும் அப்பேறு பெற்றன. அவ்வகை வண்டிகள் நோயாளிகளை ஏற்றிச் செல்லவும் பயன்பட்டன. 2017-இல் சித்ரோவன் இவ்வமைப்பைக் கைவிட்டது. ஆயினும் காற்று வில் மறையவில்லை. பேருந்துகளின் அடியில் காற்றுப் பைகளாக இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எஃகு வில்லாயினும் காற்று வில்லாயினும், அது வண்டியை நிமிர்த்துமேயன்றி எடையைக் குறைப்பதில்லை. அந்த எடையை டயர் தாங்க வேண்டும். அச்சு தாங்க வேண்டும். ஓடும் வண்டியைப் பிரேக் தடுத்து நிறுத்த வேண்டும். 1917-இல் ஃபோர்டு நிறுவனத்தார் வில்லோடு நில்லாமல் அச்சையும் மாற்றியது இதனால்தான்.

வண்டி தாழ்வது, தன்னால் இயலவில்லை என்று அது நமக்குச் சொல்லும் மொழி. வில்லை மட்டும் வலுப்படுத்துவோர் அக்குரலை அடக்குகின்றனர், குறையைத் தீர்ப்பதில்லை. அன்றிரவு புளியமரத்தை நோக்கிய விளக்குகள் எங்களுக்குச் சொன்னதும் அதுவே. என் பெரியப்பா அதற்குப் பட்டைகளால் விடை கூறினார். இரண்டு மூட்டைகளை இறக்கிவைத்திருப்பதே சரியான விடை என்று இன்று நான் உணர்கிறேன்.