முதுகிலிருந்து மார்புக்கு

போன கோடையில் மதுரைக்குப் போகும் இரவு வண்டியில், எங்கள் பெட்டியில் ஒரு தூளி தொங்கியது. எதிரெதிரே இருந்த இரண்டு மேல் பெர்த்துகளின் கம்பிகளில் கட்டிய பழைய நூல் சேலை. வண்டியே ஆட்டிக்கொண்டிருந்ததால் அதை யாரும் ஆட்ட வேண்டியிருக்கவில்லை. பக்கவாட்டு இருக்கையில் ஓர் இளம் தகப்பன், மார்பில் பேபி கேரியரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஆறேழு மாதப் பிள்ளை. தூளி கட்டிய பாட்டி அவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏன் தம்பி, பிள்ளைக்கு வேர்க்காதா?” என்று கேட்டார்.

“வேர்க்கும் பாட்டி. இறக்கிவிட்டா அழுவான்.”

பாட்டிக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. எனக்குத்தான் இந்தப் பை எங்கிருந்து கிளம்பி இங்கே வந்தது என்ற யோசனை ஊர் போய்ச் சேரும்வரை விடவில்லை.

நம் பக்கத்துத் துணி பிள்ளையை மரத்தில் தொங்கவிட்டது. வயலோரம் ஒரு கிளை கிடைத்தால் ஏணை கட்டிவிட்டு அம்மா நடவுக்கு இறங்கிவிடுவாள். இடம் மாறினால் பிள்ளை இடுப்புக்கு வந்துவிடும், ஒரு கை அதோடு போய்விடும். நரிக்குறவப் பெண்கள் துணியில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நடப்பதைப் பார்த்திருந்தும், மற்றவர்களுக்கு அந்தப் பழக்கம் ஒட்டவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் அந்தக் கிளையின் வேலையைப் பெண்கள் தங்கள் முதுகுக்கே கொடுத்துவிட்டார்கள். ரயிலில் நான் பார்த்த கேரியரின் பூர்வீகம் பல ஊர்களில் கிளை பிரிந்து கிடக்கிறது. அதில் எனக்கு நன்றாகத் தெரிந்த கிளை டோகோ என்ற சின்ன நாட்டில் முளைத்தது.

டோகோ விடுதலை பெற்றது 1960இல். அங்கே பெண்கள் உடுத்தும் துணிக்குப் பிரெஞ்சு மொழியில் ‘பாஞ்’ என்று பெயர். இடுப்பில் சுற்றினால் ஆடை, தலையில் சுற்றினால் சும்மாடு, முதுகில் சுற்றினால் பிள்ளையின் இருக்கை. அந்தத் துணியே ஒரு பெரிய பயணி. ஜாவாவின் பாத்திக் துணியைப் பார்த்து டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் அச்சிட்ட மெழுகுத் துணி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. அதை மொத்தமாக வாங்கி விற்ற, டோகோவின் தலைநகரான லோமேயின் பெண் வியாபாரிகள் சேர்த்த செல்வத்தில் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் வலம் வந்தார்கள். அதனால் அவர்களுக்கு ‘நானா பென்ஸ்’ என்றே பெயர் நிலைத்தது. நம் பங்கும் இந்தத் துணி வியாபாரத்தில் உண்டு. சென்னை, சீராலா வட்டாரத்தில் நெய்த கட்டம் போட்ட கைத்தறித் துணி ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற பெயரில் இதே மேற்கு ஆப்பிரிக்காவுக்குத்தான் கப்பலேறியது.

கட்டும் முறையைப் பார்த்தால் பயமாக இருக்கும். அம்மா முன்னால் குனிகிறாள். பிள்ளை முதுகில் குப்புறக் கிடக்கிறது, கால்கள் இரண்டும் அவள் இடுப்பை அணைத்தபடி. துணியை இருவர் மேலும் சேர்த்துப் போர்த்தி, முன்பக்கம் கொண்டுவந்து, மார்புக்கு மேலே ஓரத்தை முறுக்கிச் செருகிவிடுகிறாள். தோள்பட்டை கிடையாது, கொக்கி கிடையாது, பல நேரம் முடிச்சுகூடக் கிடையாது. கூடுதல் பிடிப்பு வேண்டுமென்றால் பிள்ளையின் பிட்டத்துக்குக் கீழே இன்னொரு சின்னத் துணி. அதோடு சந்தைக்குப் போகலாம், தலையில் கூடை தூக்கலாம்.

1962இல் இதைப் பார்த்தவர்களில் ஒருவர் ஆன் மூர், குழந்தை நலச் செவிலியர். அமெரிக்க அதிபர் கென்னடி தொடங்கிய பீஸ் கோர் என்ற தொண்டர் அமைப்பின் வழியாக டோகோ போனவர். (அமைதிப் படை என்று மொழிபெயர்த்தால் நமக்கு வேறு ஞாபகங்கள் வந்துவிடும், பீஸ் கோர் என்றே இருக்கட்டும்.) முதுகில் ஒட்டிக் கிடந்த பிள்ளைகள் அவ்வளவாக அழவில்லை என்பது அவர் மனதில் பதிந்துவிட்டது. மேற்கத்திய ஆஸ்பத்திரிகளில் பிள்ளையைத் தனிக் கட்டிலில் கிடத்திப் பழகிய கண்ணுக்கு அது புதிது.

1964இல் ஆனும் அவர் கணவர் மைக்கும் அமெரிக்கா திரும்பினார்கள். மகள் பிறந்தாள். டோகோவில் பார்த்தபடியே துணியை எடுத்து முதுகில் கட்டிப் பார்த்தார் ஆன். பிள்ளை வழுக்கி வழுக்கிக் கீழே இறங்கியது. பார்த்ததும் செய்ததும் ஒன்றல்ல. டோகோவில் ஒரு பெண், குழந்தையாக இருந்தபோது அம்மாவின் முதுகில் கிடந்தவள், சிறுமியானதும் தம்பி தங்கையைச் சுமந்தவள். அவள் கையிலிருந்த பழக்கத்தை இரண்டு வருடத்தில் யாரும் பார்சல் கட்டிக்கொண்டு வந்துவிட முடியாது.

ஆன் தன் அம்மாவிடம் போனார். லூசி ஆக்கர்மன், ஒஹையோ மாநிலத்தில் வெஸ்ட் அலெக்ஸாண்டிரியா என்ற ஊர்க்காரர். எளிய வாழ்வை விரதமாகக் கொண்ட டங்கர்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம், தையல் தெரிந்த கை. மகள் சொல்லச் சொல்ல அம்மா தைத்தார். உள்ளே பிள்ளை உட்கார ஒரு சிறு பை, அதைச் சுற்றி இன்னொரு பை, தோளுக்கு இரண்டு பட்டைகள், பிள்ளை வளர வளரப் பிரித்துவிட மடிப்புத் தையல்கள். முன்னாலும் மாட்டலாம், பின்னாலும் மாட்டலாம். டோகோக்காரி விரல்களால் செய்ததையெல்லாம் ஒஹையோக்காரி நூலுக்குள் ஏற்றிவிட்டார். இந்தப் பையின் வரலாற்றில் எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது இதுதான். கண்டுபிடிப்பு என்கிறார்கள். என்னைக் கேட்டால் மொழிபெயர்ப்பு என்பேன், நல்ல மொழிபெயர்ப்பு.

ஆன் பிள்ளையோடு வெளியே போகும்போதெல்லாம் யாராவது நிறுத்தி, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். அம்மாவுக்கு எழுதிப்போட, அம்மா ஒன்று தைத்து அனுப்புவார். பிறகு பத்து, பிறகு அவருடைய ஊர்ப் பெண்கள் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கும் அளவுக்கு ஆர்டர்கள். 1969 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. பையின் பெயர் ஸ்னக்லி. அந்தக் காலத்து ஹிப்பி இளைஞர்களின் வேதமாக இருந்த ‘ஹோல் எர்த் கேட்டலாக்’ அதைக் குறிப்பிட்டதும் தபால் குவிந்தது. கொலராடோ மலையூரான எவர்கிரீனில் இருந்த மூர் குடும்பம் பிறகு தொழிற்சாலையே வைத்தது, 1985இல் தொழிலை விற்றது. காப்புரிமைச் சான்றிதழில் லோமே சந்தைக்கு இடமில்லை. ஆன் மட்டும் எங்கே கற்றேன் என்பதை மறைக்கவில்லை.

இதே வருடங்களில் வேறு கிளைகளும் வளர்ந்துகொண்டிருந்தன. ஜெர்மனியில் எரிகா ஹாஃப்மன் என்ற அம்மா, தன் இரட்டைப் பிள்ளைகளை மெக்சிகோவின் ரெபோசோத் துணியில் சுமந்து, 1972இல் ‘டிடிமோஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இரட்டையர் என்று பொருள். 1973இல் சுவீடனின் பேபி பியோர்ன் முன்பக்கம் மாட்டும் கேரியரைக் கொண்டுவந்தது. மேற்கே போன பையில் பிள்ளை பெரும்பாலும் மார்புக்கு வந்துவிட்டது. டோகோவில் பிள்ளை முதுகில் இருந்தது வேலைக்காக. குனிய வேண்டும், குத்த வேண்டும், விறகு ஒடிக்க வேண்டும். முன்னால் பிள்ளை இருந்தால் அடுப்பருகே நிற்கவே முடியாது. வெள்ளைக்கார ஊரில் அதே பை நடப்பதற்கும், சுற்றுலாவுக்கும், விமானத்துக்கும் என்றாயிற்று. வேலை மாறியதால் இடமும் மாறியது என்று நினைக்கிறேன். பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற புதுக் கவலையும் அதில் சேர்ந்திருக்கலாம்.

பயணத்தில் இதன் அருமை இரண்டு கைகள்தான். தள்ளுவண்டி நம் ரயில் நிலையத்து மேம்பாலப் படியில் சுமையாகிவிடும். கோயில் பிரகாரத்திலும் பேருந்து நிலையக் கூட்டத்திலும் சக்கரம் ஓடாது. கேரியர் இருந்தால் ஒரு கையில் பெட்டி, மறு கையில் மூத்த பிள்ளை. ஆனால் விமானத்தில் ஓர் எல்லை உண்டு. அமெரிக்க விதிகளின்படி விமானம் தரையில் நகரும்போதும், எழும்போதும், இறங்கும்போதும் பிள்ளை கேரியரில் இருக்கக் கூடாது. விமானம் சட்டென்று நின்றால் பெரியவர் உடல் முன்னால் சாயும். மார்போடு கட்டிய பிள்ளைதான் அதன் முழுப் பாரத்தையும் தாங்கும். காரிலும் இதே ஆபத்து. காரில் கேரியரை சீட் பெல்ட்டுக்குப் பதிலாக நினைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

துணி தையலானபோது சில தவறுகளும் பிறந்தன. பிள்ளையைப் பக்கவாட்டில் சுருட்டிப் படுக்கவைக்கும் பை வகை ஸ்லிங் ஒன்று அமெரிக்காவில் பிரபலமானது. அதற்குள் பிள்ளையின் மோவாய் மார்பில் போய் முட்டும், மூச்சுக்குழல் மடியும், குரல்கூட வராது. மூன்று பச்சிளங்குழந்தைகள் இறந்த பிறகு, 2010 மார்ச்சில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பைகள் திரும்பப் பெறப்பட்டன. நாலு மாதம் நிறையாத பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. இன்னொரு குறை, கால்களுக்கு நடுவே குறுகலான பட்டை வைத்த கேரியர்கள். பிள்ளையின் கால்கள் நேராகத் தொங்குவது வளரும் இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல. தொடைகள் விரிந்து, முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, தவளை உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும் என்று எலும்பு மருத்துவர்கள் சொல்கிறார்கள். டோகோ முதுகில் அப்படித்தான் இருந்தது. நம் அம்மாக்களின் இடுப்பிலும் அப்படித்தான் இருந்தது.

மதுரையில் இறங்கும்போது பாட்டி தூளியை அவிழ்த்து நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். இளைஞர் பிள்ளையோடு கேரியரின் வாரை இழுத்துச் சரிபார்த்துவிட்டுப் படியேறினார். அவரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். கேரியர் வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பிள்ளையையும் கடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பாருங்கள். முகம் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், குனிந்தால் நெற்றியில் முத்தமிட எட்ட வேண்டும், மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரலாவது நுழைய வேண்டும். ஊருக்குக் கிளம்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே வீட்டுக்குள் மாட்டி நடந்து பழகுங்கள். நம் வெயிலுக்குப் பருத்தித் துணியே போதும்.