வேடந்தாங்கல் போகும் வழியில்

"பஸ் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது, அதெல்லாம் வேண்டாமென்றால் என் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போங்களேன். இந்தக் கிழட்டுச் சைக்கிள் எதற்கு?" என்றார் மதுராந்தகத்து நண்பர்.

அவருடைய தகப்பனார் ஓட்டிய சைக்கிள் அது. திண்ணையோரம் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவுடனே எனக்குச் சபலம் தட்டிவிட்டது. துருவைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்து, பொங்கல் கழிந்த நாலாம் நாள் காலை ஆறரை மணிக்கு வேடந்தாங்கலுக்குக் கிளம்பினேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். என்னைப் போல் நாற்பதைத் தாண்டியவன் நிதானமாக மிதித்தாலும் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். எனக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. அதில் அரை மணி, செயின் கழன்றதற்கு. மீதி நேரத்தைப் பறவைகளும் பழைய ஞாபகங்களும் பங்கு போட்டுக்கொண்டன.

முதல் தாமதம் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே நேர்ந்தது. மதுராந்தகம் போகிறவர்கள் ஏரிகாத்த ராமரைப் பார்க்காமல் போவதில்லை. கிளியாற்றுத் தண்ணீர் வந்து நிறையும் பெரிய ஏரி அது. கரைக்குக் கீழே கோவில். கதையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். ஆற்காட்டு நவாப் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்த இந்தச் செங்கற்பட்டுச் சீமைக்கு 1794 முதல் 1798 வரை லியோனல் பிளேஸ் என்பவர் கலெக்டர். மழைக்கு மழை கரை உடைந்து கொண்டிருந்தது. தாயார் சந்நிதி கட்டுவதற்காகக் குவித்து வைத்திருந்த கற்களைப் பார்த்த துரை, "உங்கள் சாமி இந்த வருஷம் கரையைக் காப்பாற்றட்டும், சந்நிதியை நானே கட்டித் தருகிறேன்" என்றாராம். அடைமழை பெய்த ஒரு ராத்திரி கரையைப் பார்க்கப் போனவர் கண்ணுக்கு, வில்லும் அம்புமாக இரண்டு வாலிபர்கள் கரைமேல் காவல் நிற்பது தெரிந்ததாம். மறுநாள் கரை அப்படியே இருந்தது. சந்நிதி எழும்பிற்று. அந்தத் தர்மம் பிளேஸ் துரையுடையது என்று கோவிலில் கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள்.

ராமலக்ஷ்மணர்களைத் துரை பார்த்தாரா இல்லையா என்ற விசாரணைக்குள் நான் இறங்கப் போவதில்லை. நான் கதை எழுதுகிறவன். நல்ல கதையைக் கெடுக்கக் கூடாது. ஆனால் அந்தக் கல்லின் முன்னால் நின்றபோது எனக்குள் ஓடிய நினைப்பு வேறு. சைக்கிளில் நான் போய்ச் சேரப் போகிற இடத்திலும் இதே மனிதரின் பெயர்தான் காத்திருந்தது.

ஊர் எல்லை தாண்டியதும் சம்பா வயல்கள். கதிர் பழுத்துத் தலை சாய்ந்திருந்தது. சைக்கிளுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. நடந்து போகிறவனைக் கண்டால் எழும்பிப் பறக்கிற பறவை, சைக்கிளில் போகிறவனை மாட்டைப் போல நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறது. மின்சாரக் கம்பியில் ஒரு பனங்காடை உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருக்கும்போது மண்ணாங்கட்டி மாதிரி ஒரு நிறம். சிறகை விரித்தால் பட்டுப் புடவைக் கடை. அடுத்த கம்பத்தில் கரிச்சான். ஒற்றைப் பனையின் ஓலைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் பத்துப் பன்னிரண்டு, சீஸன் முடிந்து காலியாக ஆடிக் கொண்டிருந்தன. தரிசு நிலத்தில் ஆள்காட்டி ஒன்று என்னைப் பற்றி ஊருக்கெல்லாம் புகார் சொல்லிக்கொண்டே கூட ஓடி வந்தது.

செயின் கழன்றது ஒரு மதகுக்குப் பக்கத்தில். கையெல்லாம் மசியாகி நிமிர்ந்து பார்த்தால், நாலடி தூரத்தில் ஒரு மடையான். சேற்று நிறத்தில் சேறாகவே நின்றுகொண்டிருந்தது. அதைக் கண்டதும் எனக்குப் பன்னிரண்டு வயசாகிவிட்டது.

மணிக்கு ஒரு ரூபாய் வாடகையில் சைக்கிள் எடுத்து, சீட்டுக்குக் கால் எட்டாமல் குரங்குப் பெடல் போட்ட காலம் அது. கேரியரில் சித்தி பிள்ளை. அவன் டிராயர் பையில் உண்டிவில். எங்கள் ஊர் ஏரிக்கரையில் இதே மாதிரி ஒரு மடையான் நின்றது. என் கல் அன்றைக்கு என்னவோ குறி தப்பவில்லை. தண்ணீரில் விழுந்து ஒரு சிறகை மட்டும் அடித்துக்கொண்டது. தற்செயலாக மாமா கரைமேல் வந்துகொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "திங்கப் போறியாடா?" என்று கேட்டார். "இல்லே மாமா." "அப்ப எதுக்கு அடிச்சே?" பதில் சொல்லத் தெரியவில்லை. வாடகைச் சைக்கிளில் இன்னும் கால் மணி நேரம் பாக்கி இருந்தது. ஓட்டாமல் தள்ளிக்கொண்டே போய்க் கடையில் விட்டேன்.

மாமாவின் அந்தக் கேள்வியைத்தான், இருநூறு வருஷங்களுக்கு முன்னால் வேடந்தாங்கல் குடியானவர்களும் கேட்டிருக்க வேண்டும். செங்கற்பட்டிலிருந்த வெள்ளைச் சிப்பாய்கள் பொழுதுபோக்காக அந்த ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டுக் கொண்டிருந்தார்கள். ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். கலெக்டர் நம் பிளேஸ் துரை. 1798-இல் அவர் கவுல் எழுதிக் கொடுத்தார். கவுல் என்றால் சர்க்கார் கொடுக்கிற உறுதிச் சீட்டு. ஏரியில் பறவைகளைச் சுடக் கூடாது. அமெரிக்காவில் எல்லோஸ்டோன் காட்டைத் தேசியப் பூங்காவாக்கியது 1872-இல். உலகத்திலேயே முதல் தேசியப் பூங்கா என்று அதைக் கொண்டாடுகிறார்கள். அதற்கு எழுபத்து நாலு வருஷம் முந்தியது நம் குடியானவர்களின் சீட்டு. இதைக் கொண்டாடுவாரைத்தான் காணோம்.

ஊரார் முறையிட்டது வெறும் ஜீவகாருண்யத்தினால் அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்புகிறது. தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் ஆயிரக்கணக்கில் பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. சுற்றுப்புறத்து வயல்களிலும் ஏரிகளிலும் மீனும் நத்தையும் தவளையும் தின்றுவிட்டு, எச்சத்தை இங்கே கொண்டுவந்து இறக்குகின்றன. மடையைத் திறந்தால் எருவாகவே பாய்கிறது தண்ணீர். பறவை செத்தால் விளைச்சல் செத்தது. விளைச்சல் குறைந்தால் கிஸ்தி குறையும். கலெக்டருக்கு இந்தக் கடைசி வாக்கியம் சுலபமாகப் புரிந்திருக்கும் என்பது என் ஊகம். ஏரிக்கரையைக் காத்ததும் ஏரிப் பறவையைக் காத்ததும் ஒரே கணக்குத்தான் போலும்.

ஊரின் பெயரைப் பாருங்கள். செங்கற்பட்டுப் பக்கத்தில் சிறிய ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். வேடந்தாங்கல் என்றால் வேடனுடைய ஏரி. வேட்டையாட வந்தவன் பெயரை வைத்துக்கொண்டு வேட்டையை நிறுத்திய ஊர் வேறு எங்கே இருக்கிறதோ எனக்குத் தெரியாது.

காகிதங்கள் அதோடு நின்றுவிடவில்லை. 1858-இல் கலெக்டர் மறுபடியும் உத்தரவு கொடுத்தார். 1936-இல் சரணாலயம் என்று அறிவித்தார்கள். 1998-இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டத்தையே சரணாலயமாக்கினார்கள். 2020-இல் அந்த வட்டத்தில் இரண்டு கிலோமீட்டரைக் குறைத்துவிடலாம் என்று ஒரு யோசனை கிளம்பிற்று. கூச்சல் எழுந்தது, யோசனை நிறைவேறவில்லை. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அது உலக நாடுகள் ஒப்புக்கொண்ட நீர்நிலைப் பட்டியல்.

ஒன்பதரை மணிக்குக் கரையேறினேன். மரங்கள் பூத்திருந்தன என்று சொல்லத் தோன்றும், அத்தனையும் பறவை. நத்தைக்குத்தி நாரைகள், மஞ்சள்மூக்கு நாரைகள், கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், கூழைக்கடா. நத்தைக்குத்தியின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டு நிற்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர்ந்தபின் வருவது. பாம்புத்தாரா உடம்பைத் தண்ணீருக்குள் வைத்துக் கழுத்தை மட்டும் நீட்டி நீந்திவிட்டு, கிளையேறி ஈரச் சிறகை வேஷ்டி காயப் போடுவது போல விரித்து வைத்தது. இவையெல்லாம் சைபீரியாவிலிருந்து வருகிறவை என்று பக்கத்திலிருந்த ஒருவர் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தூரதேசத்திலிருந்து வருபவை கிளுவை முதலான வாத்துகள். அவை இங்கே கூடு கட்டுவதில்லை. கூடு கட்டுபவை நம் தேசத்துப் பிரஜைகள்தாம். தலையிட்டால் சண்டையாகுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். கரைக்குக் கீழே வயலில் பெரியவர் ஒருவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

"எங்க அப்பாரு காலத்துல எருவே போட மாட்டாங்க, தம்பி. மடையத் தொறந்தா அதுவே வந்துடும்."

"இப்போது?"

"இப்பத்தான் யூரியா வந்துட்டுதே. மூட்ட மூட்டையாக் கொட்றோம்."

அப்படியானால் பறவைகளினால் உங்களுக்கு என்ன உபயோகம் என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் அந்தக் கேள்வியின் லட்சணம் எனக்கு உறைத்தது. பெரியவர் என் மாமாவைப் போலவே பார்த்தார்.

"அதுங்க வர்லேன்னா அந்த வருசம் ஏரில தண்ணி இல்லேன்னு அர்த்தம். தண்ணி இல்லாத வருசத்த யாராவது வேணும்னு கேப்பாங்களா?"

வெயில் தாழ்ந்து, நாரைகள் வரிசை வரிசையாகத் திரும்பி வந்தன. பகலெல்லாம் தூங்கி வழிந்த வக்காக்கள் அந்த நேரம் பார்த்து ஷிப்டு மாற்றிக்கொண்டு இரை தேடக் கிளம்பின. இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டுமே என்று சைக்கிளை நிமிர்த்தினேன். சொத்தென்று என் தோள்மீது என்னவோ விழுந்தது. வெள்ளைச் சட்டையில் இன்னும் வெள்ளையாக ஒரு வழிசல். கைக்குட்டையை எடுத்தேன்.

"தொடைக்காதீங்க தம்பி, இழுவிடும்" என்றார் பெரியவர் சிரித்துக்கொண்டே. "காஞ்சா தானா உதுந்துடும். அதையும் வயல் பக்கமாப் பார்த்து உதறிட்டுப் போங்க."