பிரித்துக் கூட்டும் இருப்புப்பாதை

முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றிய பள்ளியின் பொருட்காட்சிக்கென ஒரு சிறிய இருப்புப்பாதை அமைத்தோம். எட்டடி நீளம், நாலடி அகலமுள்ள ஒரே பலகை. அதன்மேல் மலை, பாலம், நிலையம். மூன்று மாத உழைப்பு. காட்சி நாளன்றுதான் அப்பலகை அறை வாயிலைக் கடவாது என்பது தெரிந்தது. படுக்கையாகக் கொண்டுபோனால் அகலம் தடுத்தது. நிமிர்த்தினால் மலை இடித்தது. வேறு வழியின்றி நடுவே அறுத்தோம். மண்டபத்தில் மீண்டும் பொருத்தியபோது தண்டவாளங்கள் நூலிழை விலகி நின்றன. எஞ்சின் அங்கேயே கவிழ்ந்தது. அதைக் கையிலேந்தி நின்ற மாணவனின் முகத்தை நான் மறக்கவில்லை.

இத்தொல்லைக்கு விடை தேடியோர் பலர். 1891இல் ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் மெர்க்லின் நிறுவனத்தார், துண்டு துண்டாக வாங்கி இணைக்கத்தக்க பொம்மைப் பாதையைக் காட்டினர். தண்டவாள இடைவெளிக்கு அவர்கள் வகுத்த அளவுகளே பின்வந்தோர்க்கு வழிகாட்டின. அது தரையில் விரித்து, விளையாடி முடித்ததும் பெட்டியில் அடைப்பது. பலகையில் மலையும் ஊரும் ஏறியபின் பாதை வீட்டோடு தங்கிவிட்டது.

1973இல் கலிபோர்னியாவில் சில ஆர்வலர்கள் 'என்-டிராக்' என்னும் முறையைத் தோற்றுவித்தனர். தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர். பலகையின் நீளம் நாலடி, அகலம் இரண்டடி. முன்புறம் மூன்று பாதைகள். தண்டவாளம் விளிம்புவரை செல்லாது. இரு பலகைகளுக்கிடையே எஞ்சும் இடைவெளியைக் குறித்த நீளமுள்ள சிறு துண்டு நிரப்பும். நடுவில் பாலைவனம் அமைப்பதும் நகரம் அமைப்பதும் அவரவர் விருப்பம். முன்பின் அறியாத இருவர் தத்தம் வீட்டில் செய்த பலகைகளும் சிறிது நேரத்தில் ஒன்றாகிவிடும். 1981இல் ஜெர்மனியில் தோன்றிய 'ஃபிரெமோ' அமைப்பினர் இன்னும் தாராளமானவர்கள். நீளமும் வளைவும் எப்படியும் இருக்கலாம், முனைப்பலகை மட்டும் ஒத்திருந்தால் போதும் என்றனர்.

ஒருவரே எல்லாப் பலகைகளையும் செய்வதானால் வேறொரு முறை உண்டு. முதலில் இரு பலகைகளையும் பித்தளை முளைகளால் பொருத்தி, மரையாணியால் இறுக்க வேண்டும். பிறகு இணைப்பின்மேல் தண்டவாளத்தை முழுதாகவே இட்டு, இருபுறமும் பித்தளைத் திருகாணிகளோடு ஈயப்பற்று வைக்க வேண்டும். அதன் பின்னரே மெல்லிய வாளால் அறுக்க வேண்டும். நாங்களோ முதலில் அறுத்துவிட்டுப் பிறகு பொருத்த முயன்றோம்! தலைமையாசிரியன் அருகில் நின்றும் அந்தப் பிழை நேர்ந்தது.

மறு ஆண்டு அதே மாணவர்கள் நான்கு சிறு பலகைகளாகச் செய்தனர். இணைப்புகளுக்கு எண்ணிட்டனர், மின்கம்பிகளுக்குச் செருகிகள் வைத்தனர். மதிய மணி அடிப்பதற்குள் வண்டி ஓடத் தொடங்கிற்று. முந்தைய ஆண்டு எஞ்சினைக் கையிலேந்தி நின்றவனே விசையை அழுத்தினான்.